வேலை என்ன எண்டு கேட்டது போதும், வேற என்ன தெரியும் எண்டு கேளுங்கோ

நம்மட ஆட்கள் கூடும் இடத்தில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் மூன்றே கேள்விகளில் ஆளை அளந்துவிடுவோம். ஊரில எந்தப் பக்கம்? இங்க எங்க இருக்கிறியள்? என்ன வேலை? அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அவர் ‘ஐ.ரி.யில வேலை செய்யிற பருத்தித்துறை அண்ணா’. பத்து வருடமாகக் கோயில் திருவிழாவிலும் பிறந்தநாள் விழாவிலும் காண்போம். அவருக்கு மரவேலை தெரியுமா, பழைய வானொலிப் பெட்டி திருத்துவாரா என்பது கடைசிவரை வெளியே வராது.

பிள்ளைகளுக்கும் இப்படியே சீட்டு ஒட்டிவிடுகிறோம். ‘மூத்தவ பரதம், சின்னவன் மிருதங்கம்.’ சோதினை வருடம் வந்தால் அந்தச் சீட்டையும் கழற்றிவிட்டு, ‘படிக்கிற பிள்ளை’ என்ற ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறோம்.

நான் லண்டனில் பிறந்து வளர்ந்தவள். என் மகனுக்குப் பத்து வயது. இரண்டு வருடமாக அவனோடு எங்கள் பகுதி வானியல் சங்கத்துக்குப் போய் வருகிறேன். சிறுவர்களோடு பெரியவர் ஒருவர் வரவேண்டும் என்பது அங்கே விதி. போன இடத்தில் சனியின் வளையத்தையும் பார்த்தேன், வியாழனின் நிலாக்களையும் பார்த்தேன். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து யோசித்ததெல்லாம் அந்த மண்டபத்தில் இருந்த மனிதர்களைப் பற்றித்தான்.

மேகம் மூடிய வெள்ளிக்கிழமைகள்

இங்கிலாந்தில் வானம் பார்க்கப் போவது என்றால் பெரும்பாலும் மேகம் பார்க்கப் போவதுதான். மாதத்தில் இரண்டு வெள்ளி கூடுகிறோம். அதில் ஒன்றாவது மூடிக்கொண்டுவிடும். தொலைநோக்கிகளைக் காருக்குள் வைத்துவிட்டு, தேவாலயத்துப் பின்மண்டபத்தில் தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்துவிடுவார்கள். வானம் தெளிந்த இரவில் யாரும் அதிகம் கதைப்பதில்லை. இருட்டில் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். மேகம் வந்தால்தான் ஆட்களைத் தெரியவரும்.

அப்படித்தான் ஒருவரைத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்கச் செயற்கைப் பற்கள் செய்யும் வேலை பார்த்தவர். இப்போது தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்கிறார். தொலைநோக்கிக்கான குழியாடியின் மேற்பரப்பு எவ்வளவு சரியாக இருக்கவேண்டும் தெரியுமா? ஒரு மில்லிமீற்றரைப் பல ஆயிரம் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுக்குள் பிசகு நிற்கவேண்டும். அதைக் கையாலேயே செய்யலாம். மெல்லிய பொடியையும் தண்ணீரையும் விட்டு, கண்ணாடிமேல் கண்ணாடி வைத்து, வாரக்கணக்கில் தேய்க்கவேண்டும். “பல் செட்டும் இதுவும் ஒன்றுதான், அவசரப்பட்டால் இரண்டும் பொருந்தாது” என்றார்.

இன்னொருவர் பஸ் ஓட்டுநர். இளம் வயதில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். அவர் நிலாவின் பள்ளங்களைப் பென்சிலால் வரைகிறார். நிழல் ஒவ்வொரு மணிக்கும் மாறும், ஆகவே கை வேகம் வேண்டும். பெயர்ப்பலகை எழுதிய கை அது, தயங்குவதே இல்லை.

யாரும் தங்கள் திறமையை விளம்பரம் செய்யவில்லை. ஒரு தேவை வரும்போது, “அது எனக்குக் கொஞ்சம் தெரியும்” என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான்.

இசைக்காரர் வீட்டு நிலவறை

இது இந்தப் பொழுதுபோக்கின் பழைய வழக்கம். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷெல் தொழிலால் இசைக்கலைஞர். ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து, 1757-இல் இங்கிலாந்துக்கு வந்து, பாத் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர். புலம்பெயர்ந்தவர் என்றும் சொல்லலாம். இசைக் கோட்பாடு படிக்க ராபர்ட் ஸ்மித் என்பவரின் நூலை எடுத்தார். அது பிடித்துப்போக, அதே ஆசிரியர் ஒளியியல் பற்றி எழுதிய நூலையும் எடுத்தார். அங்கிருந்து தொலைநோக்கி செய்யும் ஆசை பிடித்தது. 1781 மார்ச் 13 இரவு, தன் வீட்டுப் பின்வளவில், தானே செய்த தொலைநோக்கியால் யுரேனஸைக் கண்டார். அதே வருடம் ஆகஸ்டில் பெரிய உலோக ஆடி ஒன்றை வீட்டு நிலவறையில் வார்க்கப்போய், உருகிய உலோகம் ஒழுகித் தரைக்கல் வெடித்துப் பறந்தது.

அவர் தங்கை கரோலின் பாத் நகருக்கு வந்தது பாட்டுப் படிக்க. மேடையில் பாடியும் இருக்கிறார். அண்ணன் ஆடி தேய்க்கும்போது கையை எடுக்கக்கூடாது என்பதால், உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் வைத்திருக்கிறார். ஒரு தடவை தேய்ப்பு 16 மணித்தியாலம் நீடித்ததாம். பிறகு கரோலின் தானே வானத்தைத் துழாவி எட்டு வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தார். 1787-இலிருந்து அரசர் வருடம் 50 பவுண் சம்பளமும் கொடுத்தார்.

இதில் நாங்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. 1782-இல் அரசர் உதவித்தொகை கொடுத்ததும் ஹெர்ஷெல் இசைத் தொழிலை விட்டுவிட்டார். குயீன் இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் பிரையன் மே இதற்கு நேர் எதிர். லண்டனில் வானியல் முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்தவர், எழுபதுகளில் அதை வைத்துவிட்டு இசையோடு போனார். 2007-இல்தான் திரும்பிவந்து பட்டத்தை முடித்தார். அவருடைய புகழ்பெற்ற கிற்றாரே அப்பாவோடு சேர்ந்து வீட்டில் செய்தது. பழைய அடுப்படிச் சட்டத்து மரம் அதற்குக் கழுத்தாகியது.

ஆக, எல்லாவற்றையும் எல்லாக் காலமும் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது. சிலதைக் கீழே வைக்கத்தான் வேண்டும். ஆனால் கீழே வைத்தது எங்கேயும் ஓடிவிடுவதில்லை. இதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

அம்மம்மாவின் அரைப் பாவாடைக் கணக்கு

என் அம்மா லண்டனுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்து எங்களை வளர்த்தவ. ‘அம்மாவின் வேலை’ என்றால் எனக்கு அந்தக் கண்ணாடி ஜன்னலும் இரவுமுறையும்தான்.

போன மாரியில் ஒரு வெள்ளி, பேரனோடு அவவும் வந்தா. சங்கத்தில் பெரிய தொலைநோக்கி ஒன்று உண்டு. மூடிய குழாய் கிடையாது. மேலும் கீழும் இரண்டு மரப்பெட்டிகள், இடையில் எட்டுக் கம்பிகள். பக்கத்து வெளிச்சம் உள்ளே வராமல் கம்பிகளைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்தவேண்டும். இருந்த துணி தொய்ந்து, வெளிச்சப் பாதைக்குள் தொங்கியது. நான்கு பேர் நின்று அளவெடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே அகலம், மேலே ஒடுக்கம், நேராக வெட்டினால் சரிவராது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னா: “உது அரைப் பாவாடை மாதிரித்தானே பிள்ளை. கலி வைச்சு வெட்டினா வடிவா நிக்கும்.”

நான் மொழிபெயர்த்தேன். அடுத்த கூட்டத்துக்கு அவ தைத்துக்கொண்டு வந்த துணி ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. ஊரில் கலியாணத்துக்கு முன் நாலு வருடம் தையல் படிப்பித்தவவாம். 35 வருடமாகக் கத்தரிக்கோல் பிடிக்கவில்லை. கை மறக்கவில்லை. இப்போது அந்தச் சங்கத்தில் அவவை யாரும் ‘அந்தப் பெடியனின் பாட்டி’ என்று சொல்வதில்லை; துணி பற்றி என்ன கேள்வி வந்தாலும் அவவிடம்தான் வருகிறார்கள். ஆங்கிலம் அரைகுறை. ஆனால் துணியைக் கையில் எடுத்ததும் இரு பக்கத்துக்கும் விளங்கிவிடுகிறது.

நொடியை ஐந்தாகப் பிரித்தல்

இனி மகன். அடுத்த செப்ரெம்பரில் அவனுக்கு லெவன் பிளஸ் சோதினை. ரியூஷன் வாரத்தில் இரண்டு நாள். ஏதாவது ஒன்றை நிறுத்தவேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. முதலில் கைவைக்கப் பார்த்தது மிருதங்கத்தில். உறவுக்கார மாமி ஒருவர் போனில் சொன்னார்: “பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். ஒண்டை உருப்படியாச் செய்யட்டும் பிள்ளை.”

மாமியின் பேச்சைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. ஒன்றை உருப்படியாகச் செய்துதான் அந்தத் தலைமுறை இந்தக் குளிரில் எங்களுக்கு வீடு கட்டித் தந்தது.

அந்த நாட்களில்தான் சங்கத்தில் ஒரு மேக இரவு. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பிள்ளைகளுக்குப் பழைய வித்தை ஒன்றைக் காட்டினார். நிலா நகரும்போது சில நட்சத்திரங்களை மறைக்கும். நிலாவில் காற்று இல்லாததால் நட்சத்திரம் மங்கி மறையாது, விளக்கு அணைத்ததுபோல் சட்டென்று போகும். அந்தக் கணத்தைத் துல்லியமாகக் குறிப்பது ஒரு வேலை. இன்று கமெரா செய்கிறது. முன்பு கண்ணால் பார்த்துக்கொண்டே காதால் மணிக்கூட்டின் ‘டிக்’ சத்தத்தை எண்ணி, இரண்டு ‘டிக்’குக்கு நடுவே எந்த இடத்தில் நடந்தது என்று மனத்தால் பிரிப்பார்கள். கிரீனிச் ஆய்வகத்தில் நட்சத்திரங்களுக்கு நேரம் குறித்ததும் இப்படித்தான். 1796-இல் அங்கே தலைமை வானியலாளர் மாஸ்கலைன் தன் உதவியாளர் கின்னிபுரூக்கை வேலையிலிருந்து நிறுத்தினார். இருவரின் நேரத்துக்கும் 0.8 நொடி வித்தியாசம் வந்ததுதான் காரணம். பிறகு பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர் ஆராய்ந்தபோது, கைதேர்ந்தவர்களுக்கு இடையிலும் இந்த வித்தியாசம் இருப்பது தெரியவந்தது.

தபால்காரர் நொடிக்கொரு ‘பீப்’ சத்தத்தோடு காணொளி ஒன்றைப் போட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். என் மகன் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுச் சொன்னான்: “மூன்றுக்குப் பிறகு, ‘கி’யில போச்சு.”

யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ‘பீப்’புக்கு ‘பீப்’ அவன் ‘தகதகிட’ போட்டிருக்கிறான், கண்ட நடை. ஒரு நொடிக்குள் ஐந்து எழுத்து, ஒவ்வொன்றும் 0.2 நொடி. ‘கி’ நாலாவது எழுத்து, ஆகவே 3.6. காணொளியில் பதிவான நேரமும் 3.6. தபால்காரர் மேலும் நாலு காணொளிகள் போட்டார். இரண்டில் சரியாகச் சொன்னான். இரண்டில் ஓர் எழுத்து தள்ளிப் போனது. பிறகு முழு மண்டபமும் ‘தகதகிட’ படித்தது. பல் செட் செய்தவருக்கு இன்னும் ‘கி’ பிடிபடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவனுக்கு சி.வி. ராமனைப் பற்றிச் சொன்னேன். ராமன் 1907-இலிருந்து பத்து வருடம் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரி. கல்கத்தாவில் இருந்தபோது கந்தோருக்கு முன்னும் பின்னும் விஞ்ஞானச் சங்கம் ஒன்றின் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சொந்த விருப்பத்துக்கு ஆராய்ந்தவர். அவர் ஆராய்ந்தவற்றில் நம் தோல் வாத்தியங்களும் உண்டு. சாதாரண மேளத்தின் தோலில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் இருக்கும் கறுப்புக் கரணை அந்தத் தோலுக்குப் பாரம் கொடுத்து, மேற்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இதைப் பற்றிய அவரது கட்டுரை 1920-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நோபல் பரிசு பத்து வருடம் கழித்து, 1930-இல், ஒளி பற்றிய வேலைக்காகக் கிடைத்தது.

“அப்ப அவர் அக்கவுண்டனா, சயன்டிஸ்ட்டா?” என்று கேட்டான். “ரெண்டும்தான்” என்றேன்.

நாங்கள் என்ன செய்யலாம்?

மிருதங்கத்தை நிறுத்தவில்லை. வாரத்துக்கு ஒரு வகுப்பு, வீட்டில் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று குறைத்திருக்கிறோம். இந்த வருடம் தரச் சோதினை கிடையாது, அரங்கில் வாசிப்பும் கிடையாது. லெவன் பிளஸ் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. மிருதங்கம் கணக்குக்கு உதவும், சோதினையில் புள்ளி கூட்டும் என்றெல்லாம் வாதாடி நான் அதைக் காப்பாற்றவில்லை. இரண்டாவது திறமைக்கு முதலாவதன் சிபாரிசுக் கடிதம் தேவையில்லை.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். எனக்கு உதவிய மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, வயதும் தொழிலும் கலந்த ஒரு கூட்டத்தில் பிள்ளையைச் சேருங்கள். செஸ், தோட்டம், பறவை பார்த்தல், எதுவானாலும் சரி. நம் ஒன்றுகூடல்களில் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் டொக்டர், என்ஜினியர், கணக்காளர் என்ற பட்டங்களை. ஒரே ஆள் பஸ்ஸும் ஓட்டி நிலாவும் வரைவதை அவர்கள் கண்ணால் காணவேண்டும்.

இரண்டு, அம்மம்மா, அப்பப்பா இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் உட்கார்த்தி வைத்து “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டால் “எனக்கென்ன தெரியும் பிள்ளை” என்றுதான் பதில் வரும். வேலை ஒன்று கண்முன் நடந்தால் கை தானாக நீளும்.

மூன்று, உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வயதில் எத்தனை பேர் வீணையை, பாட்டை, சதங்கையைப் பல்கலைக்கழகம் போகும்போது பெட்டியில் வைத்தோம்? அதை நட்டக்கணக்கில் எழுதவேண்டாம். பிரையன் மே முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தார், என் அம்மா 35.

மாமி சொன்ன பழமொழியையும் நான் விட்டுவிடவில்லை. பல மரத்தைப் பார்த்துக்கொண்டே திரிந்தால் ஒன்றும் வெட்டுப்படாது, உண்மைதான். ஆனால் பத்து வயதில் மரங்களைப் பார்க்காத பிள்ளைக்கு, பிறகு எதை வெட்டுவது என்று எப்படித் தெரியும்? அடுத்த தடவை மாமி லண்டன் வரும்போது சங்கத்துக்கு அழைத்துப் போகப் போகிறேன். அவருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருக்கும்.