எப்போது வாயை மூடுவது?

“சாக்ஸ் போட்டாச்சா? ஹோம் ஒர்க் நோட்டு எடுத்தாச்சா? ஜாமெட்ரி பாக்ஸ்?” – காலையில் இப்படிக் குரல் கொடுக்காத அம்மா உண்டா? நானும் அப்படித்தான். அதை எப்போது நிறுத்துவது என்ற பாடம் எனக்குக் கிடைத்தது ஒரு நடனக் கூடத்தில்!

என் அக்கா பெண் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே ‘கான்ட்ரா’ என்று ஒரு கிராமிய நடனம். நீண்ட வரிசைகளில் ஜோடி ஜோடியாக நின்று ஆடுகிறார்கள். மேடையில் பிடில்காரர் பக்கத்தில் மைக்கோடு ஒருவர், அடுத்த அசைவு என்ன என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்குக் ‘காலர்’ என்று பெயர். அக்கா பெண் அதைத்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

முதலில் இசையில்லாமல் நடந்து பார்க்கிறார்கள். பிறகு பிடில் ஆரம்பிக்கிறது. ஒரு சுற்றுக்கு 64 தாளம். சுற்று முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியும் நகர்ந்து, புது ஜோடியோடு அதே அசைவுகளைத் திரும்ப ஆட வேண்டும். அசைவு தொடங்கச் சில தாளம் முன்பே காலர் சொல்லிவிட வேண்டும். தொடங்கிய பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?

“சொல்றது சுலபம் சித்தி, நிறுத்தறதுதான் கஷ்டம்” என்றாள் அவள்.

சீக்கிரம் நிறுத்தினால் வரிசை கலையும். நிறுத்தாவிட்டாலோ, ஆடுகிறவர் காது குரலிலேயே இருக்கும், பாட்டைக் கேட்காது. அதனால் முதல் சில சுற்றுக்கு முழு வாக்கியம். அப்புறம் ஒரே வார்த்தை. அப்புறம் தடுமாறுகிற இடத்தில் மட்டும். கடைசியில் மௌனம்.

இத்தனையாவது சுற்றில் என்று கணக்கு கிடையாது. கூடத்தைப் பார்த்துத்தான் முடிவு. முக்கியமாக வரிசையின் இரு கோடிகள்! அங்கே போய்ச் சேரும் ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று, பிறகு எதிர்த் திசையில் ஆடி வர வேண்டும். புதியவர்கள் குழம்புவது அங்கேதான்.

அன்று அவள் மூன்றாம் சுற்றிலேயே நிறுத்திவிட்டாள். ஒரு வரிசை கலைந்தது. அவள் முகம் வாடினாலும், சட்டென்று ஒரு வார்த்தை கொடுத்தாள், வரிசை கூடியது. மறுபடி மௌனம். ஆனால் மைக் கையில், கண் கூடத்தில்!

ஊர் திரும்பியதும் என் கேள்விகள் “பாக்ஸ்?” என்ற ஒரு சொல்லாகச் சுருங்கின. பிறகு அதுவும் நின்றது. ஒரு நாள் பையன் பாக்ஸை மறந்தே போனான். கொண்டுபோய்க் கொடுக்கக் கால் துடித்தது. போகவில்லை. மாலையில் சிடுசிடுத்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை நான் வாயே திறக்கவில்லை. அவனே எடுத்து வைத்துக்கொண்டான்.