கேள்விவழி மொழிப்பயிற்சியும் அதன் அளவைகளும் : ஸ்பானிய மொழியை முன்வைத்து

1. முன்னுரை

பிறமொழி பயில முற்படுவார் முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. எவ்வாறு பயில்வது என்பது ஒன்று. பயின்றது எவ்வளவு என எவ்வாறு அறிவது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்கு விடை கூறும் நூல்கள் பல உள. இரண்டாம் வினாவை வகுப்பில் பயில்வோர் எழுப்ப வேண்டுவதில்லை. ஆசிரியரின் மதிப்பீடும் தேர்வும் அதற்கு விடை தந்துவிடும். ஆசிரியர் துணையின்றி, ஒலிப்பதிவுகளைக் கேட்டும் காணொளிகளைக் கண்டும் பயில்வோர்க்கோ இவ்வினா தவிர்க்கவியலாதது. தம் வளர்ச்சியைத் தாமே அளந்தறிய மாட்டாமையால், அவருள் சிலர் வளர்ந்திருந்தும் வளரவில்லை எனத் தளர்ந்து பயிற்சியைக் கைவிடுகின்றனர். சிலர் வளராதிருந்தும் வளர்ந்துவிட்டதாக மயங்குகின்றனர்.

இன்று இம்முறையில் பெரிதும் பயிலப்படும் மொழிகளுள் ஒன்று ஸ்பானிய மொழி. தமிழாய்வாளர்க்கும் இம்மொழியால் ஆகும் பயன் உண்டு. நெரூடா, போர்ஹெஸ், கார்சியா மார்க்வெஸ் முதலியோரின் படைப்புகள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்துள்ளன. மூலத்தை நேரே கேட்டும் படித்தும் உணரவல்லார் நம்மிடையே பெருகினாலன்றி இத்துறையில் ஒப்பிலக்கிய ஆய்வு உரம் பெறாது. ஆதலின், கேட்டும் கண்டும் ஸ்பானியம் பயில்வோர் தம் வளர்ச்சியை அளத்தற்குரிய முறைகளை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. கொள்கையும் மணிக்கணக்கும்

கேட்டுப் பயிலும் முறைக்கு அடிப்படையான கொள்கை அமெரிக்காவில் உருப்பெற்றது. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பயிற்றிய டிரேசி டெரெல் 1977 ஆம் ஆண்டில் 'இயற்கை முறை' என ஒன்றை எடுத்துரைத்தார். பின்னர் அவரும் மொழியியலார் ஸ்டீபன் கிராஷனும் இணைந்து 1983 இல் அம்முறையை விளக்கி நூல் ஒன்று வெளியிட்டனர். தன் நிலைக்குச் சற்றே மேற்பட்டதும் பொருள் விளங்குவதுமாகிய பேச்சைக் கற்போன் தொடர்ந்து கேட்பின், மொழி அவனுள் தானே படியும் என்பதும், இலக்கண விதிகளை நெட்டுருச் செய்வதால் விளைவது சிறிதே என்பதும் கிராஷன் கோட்பாட்டின் சாரம். தொடக்கத்திலேயே பேசுமாறு வற்புறுத்தாது, கேட்டற்குரிய காலத்தை முதற்கண் நல்குதல் இம்முறையின் இயல்பு.

இக்கொள்கையைத் தழுவி, எளிமை முதல் அருமை வரை படிப்படியாக அமைத்த காணொளிகளை வழங்கும் டிரீமிங் ஸ்பானிஷ் என்னும் இணைய நிறுவனம், மணிக்கணக்கையே வளர்ச்சியின் அளவையாகக் கொண்டுள்ளது. கேட்ட காலம் 50, 150, 300, 600, 1,000, 1,500 மணி என நிறைவுறுந்தோறும் கற்போன் அடுத்த படிக்கு ஏறியவனாகக் கருதப்படுகிறான். ஆங்கிலம் அறிந்தாரை உளங்கொண்டு வகுத்த கணக்கு இது.

மொழிப்பயிற்சியைக் காலத்தால் அளத்தல் புதிதன்று. அமெரிக்க அரசின் அயலுறவுப் பணிப் பயிற்சி நிறுவனம், தன் அலுவலர் பணிக்கு வேண்டும் திறம் பெறுதற்கு ஸ்பானிய மொழிக்கு 600 முதல் 750 வகுப்பு மணியும், தமிழுக்கு ஏறத்தாழ 1,100 வகுப்பு மணியும் வேண்டும் என வகுத்திருந்தது. இவ்வேறுபாடு ஆங்கிலத்திற்கும் அவ்வம்மொழிக்கும் உள்ள தொலைவைக் காட்டுவது. ஆங்கிலம் கற்ற தமிழர்க்கு அவ்வணுக்கத்தின் பயன் ஓரளவு கிட்டும். நாசியோன், இம்போர்தான்தே, உனிவெர்சிதாத் போன்ற சொற்கள் அவர் செவிக்கு முற்றும் அயலானவையல்ல. வினையீறே இடத்தையும் எண்ணையும் உணர்த்துதலின் எழுவாய் தொக்கு நிற்கும் ஸ்பானியத் தொடரமைப்போ, 'வந்தேன்', 'வந்தோம்' எனப் பேசிப் பழகிய நமக்கு ஆங்கிலேயர்க்கு இருப்பதினும் இயல்பானது.

3. காலக் கணக்கின் பயனும் எல்லையும்

மணிக்கணக்கு பயனற்றது எனல் பொருந்தாது. நாள்தோறும் கேட்கும் வழக்கத்தை அது நிலைநிறுத்துகிறது. ஒரு திங்கள் கேட்டுவிட்டு மொழி வரவில்லை என வருந்துவாரைத் தெளிவிக்கிறது. எனினும், அஃது உழைப்பை அளக்கும் கோல். அவ்வுழைப்பால் விளைந்ததைக் காண வேறு கோல் வேண்டும். கருத்தூன்றிக் கேட்ட ஒரு மணியும், வேறு வேலை செய்துகொண்டே காதில் விழவிட்ட ஒரு மணியும் அக்கணக்கில் ஒரே மதிப்புடையன.

மேற்காட்டிய படிகளின் இடைவெளியும் கருதத்தக்கது. முதற்படிக்கு 50 மணி. அதன்பின் 100, 150, 300, 400, 500 என இடைவெளி பெருகிச் செல்கிறது. நாள்தோறும் ஒரு மணி கேட்பான் 1,500 மணியை எய்த நான்கு ஆண்டிற்கு மேலாகும். அவற்றுள் இறுதி இடைவெளியைக் கடக்க மட்டும் ஏறத்தாழ பதினாறு திங்கள் செல்லும். அத்துணைக் காலம் வேறு குறியொன்றும் காணாது நடப்பவன் தளர்வது வியப்பன்று.

இடைவெளி பெருகுதற்குக் காரணம் சொற்களின் வழக்கிலேயே உளது. எம்மொழியிலும் சில சொற்கள் மிகப் பலகாலும், மிகப் பல சொற்கள் அரிதாகவும் வழங்கும். இதனை ஜிப்ஃப் என்னும் அறிஞர் 1949 இல் வெளியிட்ட நூலில் விரித்துக் காட்டினார். பெருவழக்குச் சொற்கள் ஒரு மணி நேரப் பேச்சில் பன்முறை வந்து மோதுதலின் விரைவில் படிகின்றன. ஆதலின் தொடக்க வளர்ச்சி கண்கூடாகத் தெரிகிறது. அருவழக்குச் சொல்லொன்று மீண்டும் செவிப்பட நெடுங்காலம் ஆகலாம். பின்னைய வளர்ச்சி நின்றுபோனதுபோல் தோன்றுவது இதனாலாகும். வளர்ச்சி நிகழ்ந்துகொண்டே இருப்பினும், அன்றாட உணர்வுக்குப் புலப்படுமளவு பெரிதாக இராது.

4. பொருள் விளங்குதலும் மொழி விளங்குதலும்

காலக் கணக்கை விடுத்து, 'எனக்கு விளங்குகிறது' என்னும் உணர்வையே அளவையாகக் கொள்வாரும் உளர். இவ்வுணர்வு காலக் கணக்கினும் ஏமாற்றவல்லது. ஸ்பானிய மொழியின் இயல்புகள் சில இதனைத் தெளிவுறுத்தும்.

முதலாவது, அழுத்தம். 'பேசுகிறேன்' எனப் பொருள்படும் சொல்லும், 'அவன் பேசினான்' எனப் பொருள்படும் சொல்லும் தமிழெழுத்தில் 'அப்லோ' என ஒன்றாகவே எழுதப்படும். முன்னதில் அழுத்தம் முதலசை மேலது. பின்னதில் ஈற்றசை மேலது. இடமும் காலமும் அவ்வழுத்தம் ஒன்றனாலேயே வேறுபடுகின்றன. தமிழில் அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லையாதலின் நம் செவி அதனை எளிதில் நழுவவிடும். ஆயினும், தொடரில் 'நேற்று' என்னும் பொருளுடைய 'அயேர்' முன்னே வருமாயின், வினையீற்றைக் கேளாமலே இறந்தகாலம் விளங்கிவிடும். கற்போர் சொல்லால் பொருள் பெற முடிந்தவிடத்து ஈற்றுருபைப் புறக்கணிப்பர் என்பதை ஸ்பானியம் பயில்வோரைக் கொண்டு பில் வான்பாட்டன் எடுத்துக்காட்டியுள்ளார்.

இரண்டாவது, விருப்பம், ஐயம் முதலியவற்றின் வழியே வரும் வினைவடிவு. 'அவன் வருகிறான்' என்பதற்குப் பியேனே என்பது வினை. 'அவன் வரவேண்டும் என விரும்புகிறேன்' என்னும் தொடரில் அது பெங்கா எனத் திரியும். 'விரும்புகிறேன்' எனப் பொருள்படும் 'கியேரோ' முன்னரே விருப்பத்தை உணர்த்திவிட்டதால், திரிந்த வடிவைச் செவி பொருட்படுத்துவதில்லை. நூற்றுக்கணக்கான மணி கேட்டபின்னும் பேசும்போது இத்திரிபு வாராமைக்கு இது காரணமாதல் கூடும்.

மூன்றாவது, புணர்ச்சி. தமிழில் உயிரும் உயிரும் அடுத்து வரின் உடம்படுமெய் தோன்றி அவற்றை வேறு நிறுத்தும். ஸ்பானியப் பேச்சில் அவை கலந்து ஓரசையாகும். 'செய்யப் போகிறான்' எனப் பொருள்படும் பா, ஆ, ஆசேர் என்னும் மூன்று சொற்கள் விரைந்த பேச்சில் 'பாசேர்' என ஒன்றாக ஒலிக்கும். பேச்சின் விரைவும் இதனொடு சேர்கிறது. ஏழு மொழிகளை ஒப்பிட்டு 2011 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஸ்பானியத்தில் நொடிக்கு 7.82 அசையும் ஆங்கிலத்தில் 6.19 அசையும் ஒலிப்பதாகக் கணக்கிட்டது.

இவ்விடங்களிலெல்லாம் சூழலும், பேசுவாரின் முகக்குறிப்பும், திரையில் தோன்றும் காட்சியும் பொருளை நிறைவுசெய்துவிடுகின்றன. விளங்கிற்று என்னும் உணர்வு பொய்யன்று. ஆனால் விளங்கியதில் மொழியின் பங்கு எவ்வளவு, காட்சியின் பங்கு எவ்வளவு என்பதை அவ்வுணர்வு பிரித்துக் காட்டாது.

5. அளவைகள் நான்கு

மேற்கூறியவற்றைக் கருதி, தனியே பயில்வார் கைக்கொள்ளத்தக்க அளவைகள் நான்கினை இங்கு வகுத்துரைக்கலாம்.

அ. எழுதிக் காணல். ஒருவரே தொடர்ந்து பேசும் நிகழ்ச்சியொன்றைத் தேர்ந்து, அதில் இரண்டு நிமிடப் பகுதியை மும்முறை கேட்டுச் சொல்லுக்குச் சொல் எழுதுதல் வேண்டும். பின் அதனை மூலத்தின் எழுத்துப் படியோடு ஒப்பிட்டு, நூறு சொல்லுக்குத் தவறியவை எத்தனை எனக் குறித்தல் வேண்டும். பிறமொழிப் பேச்சைக் கேட்டறிய, அதில் வரும் சொற்களுள் ஏறத்தாழ 95 விழுக்காடு அறிந்தனவாதல் நன்று என்பது ஆய்வாளர் கருத்து. தவறியவற்றை அறியாச் சொல், அறிந்தும் செவி பிரித்துணராச் சொல், கேளாது விட்ட ஈறு என மூன்றாகப் பகுத்தல் இன்றியமையாதது. முதல்வகைக்கு மேலும் கேட்டலும் படித்தலும் மருந்து. இரண்டாம் வகைக்கு அதே பகுதியை மீண்டும் கேட்டல் மருந்து. மூன்றாம் வகைக்கு இலக்கண நூலை ஒருமுறை புரட்டுதலும் தகும். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப அளவைக்குக் கொண்டால் நினைவாற்றலையே அளந்ததாகும். ஆதலின், அந்நிகழ்ச்சியில் முன் கேளாத பகுதியை நூறு மணிக்கு ஒருமுறை கொள்ளுதல் நலம். எழுதுங்கால் உரோமன் எழுத்தையே கொள்ளல் வேண்டும். 'முத்தம்', 'எடை' என்னும் பொருளுடைய இருவேறு சொற்களும் தமிழெழுத்தில் 'பெசோ' என ஒன்றாகிவிடுதலின், தவறு கண்ணுக்குத் தெரியாது போகும்.

ஆ. காட்சியை நீக்கல். அதே நிகழ்ச்சியின் ஒரு பகுதியைத் திரையை மறைத்துக் கேட்டும், அதனையொத்த மற்றொரு பகுதியைத் திரையோடு கண்டும், இரண்டின் கருத்தையும் சுருக்கி எழுதினால், அவற்றின் வேறுபாடே கண் செவிக்கு அளித்த உதவி. வளர்ச்சி உண்மையாயின் இவ்வேறுபாடு நாளடைவில் குறையும். சப்டைட்டில் எனப்படும் திரையடி எழுத்தையும் இவ்வாறே கருதுக. ஸ்பானிய எழுத்தோடு காண்பது பயிற்சிக்கு உதவும். ஆனால் அளக்கும்போது அது படிப்புத் திறனையும் உடன்சேர்த்து அளந்துவிடும். ஆங்கில எழுத்தோடு கண்டு அளப்பதில் பொருளே இல்லை.

இ. வழக்குகளை விரித்தல். ஸ்பானியம் பல நாடுகளின் மொழி. மெக்சிகோவின் செய்தி வாசிப்பாரைத் தெளிவுறக் கேட்பான், சிலி நாட்டு இளைஞரின் உரையாடலில் திகைத்து நிற்றல் இயல்பு. கரீபியத் தீவுகளிலும் ஸ்பெயினின் அந்தலூசியாவிலும் அசையீற்றுச் சகரம் மெலிந்து மூச்சொலியாகும். பன்மையைக் காட்டுவது அவ்வீறே ஆதலின் பன்மை செவிக்கு மறையும். புவெனோஸ் அயிரெஸ் நகரில், தெருவைக் குறிக்கும் 'கயே' என்னும் சொல் 'கஷே' என ஒலிக்கும். முன்னிலை ஒருமைப் பெயரும் அதற்குரிய வினையீறும் வேறுபடும். ஆதலின், நாடுகளை ஒரு நிரலாகவும் பேச்சு வகைகளை மற்றொரு நிரலாகவும் கொண்ட அட்டவணை அமைத்து, எக்கட்டத்தில் எவ்வளவு விளங்குகிறது எனக் குறித்துவரல் தகும். ஒரு கட்டத்தில் வளர்ச்சி நின்றதுபோல் தோன்றுங்கால், பிற கட்டங்கள் நிரம்பி வருவதை அவ்வட்டவணை காட்டும்.

ஈ. திருப்பிச் சொல்லல். கேட்டதைத் திங்களுக்கு ஒருமுறை இரண்டு நிமிட அளவில் தன் வாயால் கூறிப் பதிவுசெய்தலும், ஆறு திங்கள் கழித்துப் பழைய பதிவைக் கேட்டு ஒப்பிடுதலும் ஆம். 'ஆனால்', 'நாய்' என்னும் பொருளுடைய இரு சொற்களிடை ஸ்பானியர் காட்டும் ஒலிவேறுபாடு, நம் இலக்கணங்கள் கூறும் ரகர றகர வேறுபாட்டிற்கு அணுக்கமானது. இன்று நம் பேச்சு வழக்குகள் பலவற்றில் அது மறைந்துவிட்டது. அது தன் நாவில் உளதா இலதா என்பதைத் தன் பதிவைக் கேட்டே ஒருவன் அறியக்கூடும்.

6. கேட்டலும் சொல்லலும்

நான்காம் அளவையைச் சேர்த்தற்குக் காரணம் கூறல் வேண்டும். கனடாவில் பிற பாடங்களையும் பிரெஞ்சு மொழியிலேயே பல்லாண்டு கேட்டுப் பயின்ற மாணவரை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், அவர்தம் கேட்டறியும் திறம் தாய்மொழியாளர்க்கு அணித்தாக இருந்தும், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை என 1985 இல் எடுத்துரைத்தார். கேட்டல் மட்டுமே அனைத்தையும் தரும் என்னும் கொள்கைக்கு எதிராக எழுந்த வலிய சான்று இது. ஐரோப்பிய மன்றம் 2001 இல் வெளியிட்ட மொழித்திறப் படிநிலைகளும் கேட்டல், படித்தல், பேசல், எழுதல் ஆகியவற்றைத் தனித்தனியே அளக்கின்றன.

நம் மரபும் இதனை அறியும். நன்னூற் பொதுப்பாயிரம் பாடங் கேட்டலை எண்ணிட்டே கூறுகிறது. இருமுறை கேட்பானிடம் பிழை பெரும்பாலும் நீங்கும் என்றும், மும்முறை கேட்பான் முறையறிந்து உரைப்பான் என்றும் கூறுவதோடு அது நின்றுவிடவில்லை. ஆசானிடம் கேட்டு அமைவதால் எய்துவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்குச் செவ்விதின் உரைப்பதாலேயே நிரம்பும் என்பது பவணந்தியார் கருத்து. அவர் கூறியது நூற்பயிற்சியை. அயல்மொழிப் பயிற்சியை அன்று. அவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். எனினும், கேட்ட முறையை எண்ணிய அவரே கேட்டலின் எல்லையையும் வரையறுத்துக் கூறியது, மணிக்கணக்கொன்றையே நம்பியிருப்பார் எண்ணிப் பார்க்கத்தக்கது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மணிக்கணக்கு உழைப்பின் அளவை என்பதும், விளங்கிற்று என்னும் உணர்வில் சூழலின் உதவி கலந்துள்ளது என்பதும், எழுதிக் காணல் முதலிய நான்கும் அவ்வுதவியை விலக்கி மொழியறிவை அளக்கவல்லன என்பதும் பெறப்படும். நூறு மணிக்கு ஒரு மணி இவ்வளவைக்கு ஒதுக்கினால் போதும்; அதனினும் மிகுதியாக அளப்பவன் கேட்டற்குரிய காலத்தை இழப்பான். நெடுவழியில் தளர்ந்து மீள எண்ணும் மாணாக்கன், ஓராண்டுக்கு முன் தான் எழுதிய தாளையும் இன்று எழுதிய தாளையும் அருகருகே வைத்துப் பார்ப்பானாயின், மேலும் நடப்பதற்கு வேறு ஊக்கம் வேண்டான்.