அடையாளத்தை மறைக்காத எழுத்து

இதழியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலரையும் ஒரு கேள்வி துரத்துகிறது. "சொந்தச் சமுதாயத்தைப் பற்றி எழுதினால் நடுநிலை போய்விடாதா?" இந்தக் கேள்விக்குச் செங்கல்பட்டு மண்ணிலேயே பதில் இருக்கிறது.

மாமல்லபுரம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய் வருகிறோம். அதே செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த கோழியாளம்தான் இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். கோயம்புத்தூரில் அவர் படித்தபோது உடன் படித்தவர்கள் சுமார் 400 பேர். அவர்களில் பெரும்பாலோர் பிராமணர். தம் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, மணியடிக்கும்வரை வெளியே இருந்துவிட்டு வகுப்புக்குள் நுழைவார். முடிந்ததும் யாரோடும் பேசாமல் விரைந்து வீடு திரும்புவார். தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அப்படி ஒதுங்கிய மாணவர்தான் 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ, அதையே தலைப்பாக வைத்தார். தன் பெயரைச் சொல்லி முன்வராதவன் தன் உரிமையைக் கேட்க முடியாது என்பது அவர் வாதம். நான்கு பக்க மாத இதழாகத் தொடங்கி, மூன்றே மாதங்களில் வார இதழாகி, 1900 வரை வெளிவந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் காங்கிரஸ் கோரியபோது, அதனால் ஆதிக்கச் சாதியினரின் கையே ஓங்கும் என்று கருதி, 3,412 பேரின் கையொப்பத்தோடு எதிர்மனு அனுப்பினார்.

அந்தப் பெயரை அயோத்திதாசப் பண்டிதர் ஏற்கவில்லை. பிறர் சூட்டிய இழிபெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் நிலை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். பாதைகள் வேறு, தம் மக்களின் செய்தியைத் தாமே எழுத வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றே.

அமெரிக்கக் கறுப்பின மாணவர்களும் இதையே செய்தார்கள். வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1924இல் சோரா நீல் ஹர்ஸ்டன் உள்ளிட்ட மாணவர்கள் தொடங்கிய 'தி ஹில்டாப்' இன்றும் வெளிவருகிறது.

நடுநிலை என்றால் தன்னை மறைப்பது அல்ல. தகவலைச் சரிபார்ப்பது, எதிர்த்தரப்பையும் கேட்பது, தன் சமுதாயத்தின் குறையையும் எழுதுவது, இவைதான் நடுநிலை. கல்லூரி இதழில் ஆசிரியர் பொறுப்புக்கு வரும் நம் மகனும் மகளும் தம் பெயரோடும் ஊரோடும் எழுதட்டும். அந்தத் துணிவை முதலில் வீட்டில் நாம்தான் கொடுக்க வேண்டும்.