மாருதிக்கு ஒரு காஸ்டிங் ஷீட்



டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்த அன்றைக்கே நமக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது: 'வண்டி தெரிஞ்ச பையன்'. முதல் செமஸ்டர் ரிசல்ட் கூட வந்திருக்காது. அதற்குள் மாமா கேட்பார், பக்கத்து வீட்டு அண்ணன் கேட்பார். "கம்மி விலைல ஒரு காரு வாங்கலாம்னு இருக்கறேன். எது தம்பி நல்லது?" நம்மில் பாதிப் பேர் ஏதோ ஒரு மைலேஜ் நம்பரைச் சொல்லித் தப்பித்துவிடுகிறோம். மீதிப் பேர் தனக்குப் பிடித்த வண்டியின் பெயரைச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் கேட்கிற மாமா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பத்து மெஷின் போட்டுப் பவர் டேபிள் ஓட்டுகிறவருக்கு ஒரு பழைய கார் என்பது ஒரு சீட்டுப் பணமும் மாமியின் வளையலும் சேர்ந்தது. அதில் ஏறி உட்காரப் போவது அவருடைய குடும்பம். எனவே பதில் சொல்வதற்கு முன் 'விலை குறைந்த கார்' என்றால் என்ன என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு நான் எடுத்துக்கொண்டது நம் எல்லோருக்கும் தெரிந்த மாருதி 800. கூடவே அதன் தம்பி ஆம்னி. காதர்பேட்டையிலும், காங்கயம் ரோட்டு ஒர்க்‌ஷாப்புகளிலும், அனுப்பர்பாளையத்திலும் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள், வைத்திருந்தவர்கள் சிலரிடம் பேசினேன். அவர்கள் சொன்னதும் நான் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை

1971-ல் சஞ்சய் காந்தி 'மக்கள் கார்' செய்யப் போவதாகச் சொல்லி டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் மாருதி என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஷெட் எழும்பியது, மக்கள் கையில் கார் வந்து சேரவில்லை. கம்பெனி மூடப்பட்டது. 1980 ஜூனில் சஞ்சய் விமான விபத்தில் இறந்தார். பிறகு மத்திய அரசு அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டு, 1981 பிப்ரவரியில் 'மாருதி உத்யோக்' என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கியது.

அதை நடத்த வந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. தஞ்சை மண்ணில் கருவேலி என்ற கிராமத்துக்காரர். திருச்சி பெல் தொழிற்சாலையை உருவாக்கியதில் பெரும் பங்கு உள்ளவர். அவருடைய படிப்பு என்ன தெரியுமா நண்பர்களே? சென்னை வேப்பேரி செங்கல்வராய நாயக்கர் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ! நம்ம ஆளு! (2022-ல் 97-வது வயதில் காலமானார்.)

1982 அக்டோபரில் ஜப்பானின் சுசுகியுடன் ஒப்பந்தம் ஆனது. 1983-ல் பத்தாயிரம் ரூபாய் கட்டி புக் பண்ணலாம் என்று அறிவித்ததும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். அந்த வருடம் டிசம்பர் 14-ம் தேதி முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி டெல்லி ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். விலை சுமார் 47,500 ரூபாய். அவர் 2010-ல் இறக்கும் வரை அந்தக் காரை விற்கவே இல்லை.

1984-ல் மாருதி வேன் வந்தது. பின்னால் ஆம்னி என்று பெயர் மாறியது. 1986-ல் 800-க்குப் புது பாடி கொடுத்தார்கள். இன்றும் ரோட்டில் நாம் பார்க்கிற உருவம் அதுதான். 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 800-ஐ நிறுத்தினார்கள். மற்ற ஊர்களில் இன்னும் சில வருடம் விற்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அதற்குள் 25 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. ஆம்னி 2019-ல் நின்றது.

உள்ளே என்ன இருந்தது?

அதுவரை ரோட்டில் ஓடிய அம்பாசிடரும் ஃபியட்டும் 1950-களின் ஐரோப்பிய டிசைன்கள். முன்னால் இன்ஜின், நடுவில் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்னால் கனமான ஆக்ஸில். அம்பாசிடர் 4.3 மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை.

மாருதி 800 அப்படி இல்லை. மூன்று சிலிண்டர். போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. கால்குலேட்டரை எடுங்கள்: 0.785 பெருக்கல் போரின் வர்க்கம் பெருக்கல் ஸ்ட்ரோக் பெருக்கல் மூன்று. 796 சி.சி. வருகிறதா? அதைத்தான் நாம் 800 என்கிறோம். இந்த இன்ஜினைக் குறுக்காக வைத்து, கியர் பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரே கேஸில் அடக்கி, முன் சக்கரங்களையே ஓட்ட வைத்தார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் போச்சு, பின்னால் டிஃபரன்ஷியல் போச்சு, தரைக்கு நடுவே மேடும் போச்சு. எடை 650 கிலோ அளவுக்கு இறங்கிவிட்டது. எடை இறங்கினால் 40 குதிரைத்திறனே போதும். 12 இஞ்ச் சக்கரம் போதும். சின்ன பிரேக், சின்ன பேட்டரி போதும். ஒன்று சிறுத்ததால் அதைத் தொட்ட எல்லாமே சிறுத்தது. விலை குறைந்த ரகசியம் இதுதான்.

விலை வேறு, செலவு வேறு

நம்ம ஊரில் பனியன் தொழில் தெரிந்த யாரும் நூல் கிலோ என்ன விலை என்று மட்டும் பார்த்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள். நிட்டிங் கூலி, டையிங், காம்பாக்டிங், கட்டிங் வேஸ்ட், தையல் கூலி, ரிஜெக்‌ஷன் எல்லாம் போட்டால்தான் ஒரு பீஸ் என்ன அடங்குகிறது என்று தெரியும். அதே மனிதர் கார் வாங்கும்போது மட்டும் முதல் வரியைப் பார்த்துவிட்டு ஷீட்டை மூடிவிடுகிறார்!

ஒரு சின்னக் கணக்கு. மாதம் 1,000 கி.மீ. ஓட்டம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கிற வண்டிக்கு 10,000 ரூபாய் ஆகும். 16 கி.மீ. கொடுக்கிற வண்டிக்கு 6,250 ரூபாய் ஆகும். வித்தியாசம் மாதம் 3,750, வருடத்துக்கு 45,000. முதல் மாருதியின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். (அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல, எகனாமிக்ஸ் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர். அறுபதைத் தாண்டியவர். 800-ஐ இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வைத்திருக்கிறார். அவரிடம் மைலேஜ் கேட்டேன். "மைலேஜ் கெடக்குது கண்ணு. பழனிக்குப் போயிருக்கறேன், பவானிக்குப் போயிருக்கறேன், ராத்திரில நடு ரோட்டுல நின்னும் இருக்கறேன். எங்க நின்னாலும் அங்க இந்த வண்டி தெரிஞ்ச ஒருத்தன் இருந்தான். காலைல வீடு வந்து சேந்துட்டேன். அதுதான் எனக்கு வேணும்" என்றார்.

இதையே மெக்கானிக் அண்ணன் ஒருவர் வேறு மாதிரி சொன்னார். "புது வண்டி வந்தா ஸ்கேனர் கேக்குது. பழைய கார்புரேட்டர் 800-க்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் காதும் இருந்தா போதும்." லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் கிளட்ச் பிளேட்டிலிருந்து கதவுக் கைப்பிடி வரை எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். செலவு என்ற வரியை அடக்கி வைத்தது பெட்ரோல் மட்டும் அல்ல, இதுவும்தான்.

ஆம்னி கதை தனி. அதில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். ஓடுவது பின் சக்கரம். சினிமாவில் ஆளைக் கடத்த வந்தாலே ஆம்னிதான் வரும். நம்ம ஊரில் அது கடத்தியதெல்லாம் கட்டிங் பீஸ்தான்! ஒரு ஜாப் ஒர்க் கான்ட்ராக்டர் சொன்னார்: "திங்கக்கெழம பின் சீட்டக் கழட்டுனா பண்டல் வண்டி. ஞாயித்துக்கெழம மாட்டுனா குடும்ப வண்டி. ரெண்டு வண்டி வாங்கற நெலம அப்ப இல்லீங்க." 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு பண்டல் வேலை மெல்ல அதன் கைக்குப் போனது.

குறை சொன்னவர்களும் உண்டு. மெர்ச்சண்டைசிங் வேலை பார்க்கும் ஒரு அக்கா 800-ல்தான் டிரைவிங் பழகியவர். "பின்னாடி மூணு பேர் உக்காந்தா முட்டி இடிக்கும். மே மாசம் ஏ.சி. இல்லாத மாடல்ல போனா பாய்லர் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கும்" என்று சிரித்தார்.

விலை மட்டும் பார்த்த வண்டி

விலை என்ற வரியை மட்டும் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நானோ ஒரு பாடம். 2008 ஜனவரியில் டாடா அதை அறிமுகம் செய்தபோது உலகமே 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று பேசியது. 624 சி.சி., இரண்டு சிலிண்டர், பின்னால் இன்ஜின். ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட். இன்ஜினியரிங்கில் கெட்டிக்கார வண்டி. ஆனால் 'உலகத்திலேயே மலிவான கார்' என்ற பெயர் அதன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. மொபெட்டிலிருந்து காருக்கு ஏறுகிறவர் 'முன்னேறிட்டான்' என்று ஊர் சொல்ல வேண்டும் என்று நினைப்பாரே தவிர, 'மலிவா வாங்கிட்டான்' என்று சொல்ல வேண்டும் என்று நினைப்பாரா? மலிவான கார் என்று விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பிறகு சொன்னார். 2018-ல் உற்பத்தி நின்றுபோனது.

ஷீட்டில் எழுதாத வரி

இப்போது கடைசி வரி. யாரும் எழுதாத வரி.

நம்ம நொய்யலையே எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடம் டையிங் ரேட்டு குறைவாக இருந்தது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற செலவு ஷீட்டில் முழுதாக ஏறவில்லை. அது எங்கே போனது? ஆற்றில் போனது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியானது. கீழே இருந்த விவசாயி அதற்கு விலை கொடுத்தார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் அந்த வரி எல்லோர் கண்ணிலும் பட்டது.

விலை குறைந்த காரிலும் அப்படி ஒரு வரி உண்டு. அது பாதுகாப்பு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை ஏர்பேக் இல்லாத மாடலில் 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஆல்டோ 800, நானோ உட்பட ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்யம் ஸ்டார். எந்த ஒரு கம்பெனியின் குறை என்றும் தள்ளிவிட முடியாது; அப்போது நம் நாட்டில் அந்த மோதல் சோதனை கட்டாயமாகவே இல்லை.

ஏன் என்பது அப்ளைடு மெக்கானிக்ஸ் கணக்குதான். 64 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 17.8 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை நிற்கும் தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வேகக் குறைவு வரும். கணக்குக்காக, முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி வண்டி நின்றது என்று வைப்போம். புவியீர்ப்பைப் போல 27 மடங்கு வரும். 30 செ.மீ. மட்டுமே நசுங்க இடம் இருந்தால் 54 மடங்கு! நசுங்குகிற இடம் பாதியானால் உடம்பில் விழுகிற அடி இரண்டு மடங்கு. இப்போது ஆம்னியை மனதில் நிறுத்திப் பாருங்கள். ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகடு, ஒரு பம்பர். 2019 அக்டோபரிலிருந்து எல்லாக் கார்களுக்கும் மோதல் சோதனை கட்டாயம் என்று வந்தபோது ஆம்னி ஓய்வு பெற்றதில் ஆச்சரியம் இல்லை.

பல வருடம் 800 ஓட்டிவிட்டு விற்றுவிட்ட ஒரு ஃபிட்டர் அண்ணன் இந்தக் கணக்கு எதுவும் போடாமலே சொன்னார்: "வண்டி மேல ஒரு குத்தமும் இல்லீங்க தம்பி. பாப்பா பொறந்த பின்னாடி அவிநாசி பைபாஸ்ல லாரிக்கு நடுவுல ஓட்ட மனசு வரல."

ஆக, மாமாவுக்கு என்ன சொல்வது?

ஊருக்குள் மட்டும் ஓட, மெதுவாகப் போய் வர, கையில் கொஞ்சம் பணம்தான் என்றால் நல்ல நிலையில் உள்ள 800 இன்றும் வேலை செய்யும். வாங்குமுன் நாமே கூடப் போக வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. மேட்டைத் தூக்கித் தரையில் துரு பாருங்கள். சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பூட்டுகிறதா பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க விடாதீர்கள்.

தினமும் பைபாஸில், குழந்தைகளோடு போகிறவர் என்றால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னும் ஒரு வருடம் சீட்டுக் கட்டட்டும். ஏர்பேக் உள்ள, சோதனையில் தேறிய மாடலாகப் பார்த்து வாங்கட்டும். 'கம்மி விலைல இருக்குதே' என்று அவர் இழுத்தால் நொய்யலைக் காட்டுங்கள். திருப்பூர்க்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஜூனியர் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு டிப்ளமோக்காரர் தலைமையில்தான் இந்த நாட்டின் நடுத்தரக் குடும்பம் கார் ஏறியது. நம்மிடம் வந்து கேட்கிறவருக்கு நம் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை இருக்கிறது. எத்தனை பேர் போவீங்க, எந்த ரோட்டுல போவீங்க, மாசம் எத்தனை கிலோமீட்டர் என்று மூன்றையும் கேட்டுக்கொண்டு, பிறகு வண்டியின் பெயரைச் சொல்லுங்கள்.