ஆலையிலே உண்டு, பள்ளியிலே?

ஆலைத் தோழர்களே! வேலை செய்யும் இடத்திலே குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒதுங்க இடமில்லை என்றால் என்ன செய்வீர்கள்? சங்கத்தைக் கூட்டுவீர்கள், சட்டத்தைக் காட்டுவீர்கள். காட்டுவதற்குச் சட்டம் இருந்தது! தொழிலாளிக்குக் குடிநீர் வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே மறைவான கழிப்பிடம் வேண்டும், 150 பேருக்கு மேல் உழைக்கும் ஆலையிலே ஓய்வறையும் உணவறையும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது.

உங்கள் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஆசிரியையின் கதை என்ன?

சிற்றூர்ப் பள்ளியொன்றின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தோம். கொளுத்தும் வெயில். ஆசிரியை ஒருவர் நமக்குத் தண்ணீர் கொணர்ந்தார். “நீங்களும் குடியுங்கள், அம்மா” என்றோம். சிரித்தார், குடிக்கவில்லை. பிறகு தலைமையாசிரியர் தனியே அழைத்துச் சொன்னார்: பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறது, ஆசிரியைகளுக்கு இல்லை, காலையில் வீட்டிலே குடித்தால், மாலையில் வீடு திரும்பித்தான் மறு குவளை! ஆசானே நாட்டின் கண் என்று அப்போதுதான் மேடையிலே முழங்கிவிட்டு இறங்கியிருந்தோம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையைப் புரட்டினோம். சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனிக் கழிப்பறை, பிள்ளைகளுக்குக் குடிநீர், சமையற்கூடம், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் ஆசிரியருக்கு? பாடத் தயாரிப்பு உட்பட வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று கணக்காக எழுதத் தெரிந்த கைக்கு, அவர் உட்கார ஓர் அறை, ஒதுங்க ஓரிடம் என்று எழுதத் தோன்றவில்லை. தலைமையாசிரியருக்கு மட்டும் ஓர் அறை உண்டு; அதுவே அலுவலகம், அதுவே சாமான் அறை!

“மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறார்களே, இன்னும் என்ன?” என்பார் வெள்ளை வேட்டிக் கனவான். ஐயா, ஆலைத் தொழிலாளியும் கூலி வாங்கினான். கூலி கொடுத்ததால் குழாய் வேண்டாம் என்று எவனாவது சொன்னானா? மக்கள்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் ஆகிய மூன்றுக்குத் தவிர ஆசிரியரை வேறு வேலைக்கு இழுக்காதே என்கிறது அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு. மூன்றும் சிறிய வேலையா? அவற்றுக்கு மேலும் பதிவேடு, படிவம், புள்ளிவிவரம்! பிள்ளையின் முகம் பார்க்க எப்போது நேரம்?

ஆசிரியரோடு முடிந்ததா பள்ளி? கூட்டுகிறவர் யார்? சோறாக்குகிறவர் யார்? அடுப்புப் புகையிலே கண் சிவந்து நிற்கும் அந்தத் தாய்க்கு அலுவலக அறையிலே நாற்காலி போடுகிறார்களா? 2018-இல் திருப்பூர் மாவட்டத்திலே, தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் சமைத்த சோறு தம் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று பள்ளியிலே கூடிக் கூச்சலிட்டனர் சாதித் திமிரினர். அதிகாரிகள் என்ன செய்தனர்? கூச்சலிட்டவர்களை அல்ல, சமைத்தவரை மாற்றினர்! எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த ஆணை ரத்தாயிற்று. சமையல்காரரை அப்படி விரட்டக் கண்ட பிள்ளை, ‘சாதிகள் இல்லை’ என்று கரும்பலகையில் எழுதினால் நம்புமா? அவருக்குத் துணை நிற்காத பள்ளியிலே, நாளை ஆசிரியருக்கு ஒரு துன்பம் வந்தால் துணை நிற்பவர் யார்?

தோழர்களே, இதிலே உங்களுக்கும் வேலை உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று 21-ஆம் பிரிவு கூறுகிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவதும் அந்தக் குழுவே. உங்கள் துணைவியாரோடு அடுத்த கூட்டத்துக்குச் செல்லுங்கள். மதிப்பெண்ணைப் பிறகு கேட்கலாம். முதலில் கேளுங்கள்: “டீச்சருக்குக் கழிப்பறை எங்கே? சமையல் அம்மாவுக்கு நாற்காலி எங்கே?” விடை வராவிட்டால், திட்டத்தின் முதல் வரியாக அதை எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள்.