வித்வானை மேதையாக்குவது எது?

கர்நாடக இசைக் கலைஞர் ஒருவரின் மேதைமையை ஐந்து விஷயங்களைக் கொண்டு எடைபோடலாம்: சுருதி, லயம், சாரீரம், பாடாந்தரம், மனோதர்மம். இவற்றில் சில பிறவியிலேயே ஓரளவு வாய்க்கின்றன. சில பல ஆண்டு சாதகத்தில்தான் கைவருகின்றன. ஐந்தும் சம அளவில் ஒருவரிடமே சேர்வது அபூர்வம். இருப்பதை வைத்துக்கொண்டு இல்லாததை எப்படி ஈடுகட்டுகிறார் என்பதில்தான் பெரிய கலைஞர்களின் தனித்தன்மை உருவாகிறது.

முதலாவது சுருதி ஞானம். எந்த ஒலியைக் கேட்டாலும் அது இன்ன சுரம் என்று உடனே சொல்லிவிடும் காது மேற்கத்திய இசையுலகில் வியப்போடு பேசப்படுகிறது. கர்நாடக இசைக்கு அது கட்டாயமில்லை. இங்கே ஆதார ஷட்ஜம் பாடுபவரின் குரலுக்கேற்ப மாறும். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுகிறார்கள். தம்புராவின் ஷட்ஜத்திலிருந்து மற்ற சுரங்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை நுட்பமாக உணரும் காதுதான் வேண்டும். சுரங்களோ ஓரிடத்தில் நிற்பவை அல்ல. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஆரபி நேரான பிடிகளோடு விறுவிறுவென்று போகும், தேவகாந்தாரி நீண்ட கார்வைகளோடு நிதானமாக நடக்கும். சுரக்குறிப்பில் முழுமையாக எழுத முடியாத இந்த வேறுபாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். சுருதி சுத்தத்துக்கு ரசிகர்கள் இன்றும் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று மதுரை மணி ஐயர் (1912–1968).

இரண்டாவது லயம். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தைப் பிசகாமல் போடுவது பாலபாடம். அதே தாளத்தை 3, 4, 5, 7, 9 என்ற ஐந்து நடைகளில் உள்ளுக்குள் ஓடவிட்டு, எங்கே சுற்றினாலும் எடுப்புக்குச் சரியாக வந்து சேர்வது தேர்ந்த வித்வானின் அடையாளம். மேதைகள் அதற்கும் அப்பால் போனார்கள். கணக்கு தெரியாதபடி சர்வலகுவாகச் சுரம் பாடுவதில் மதுரை மணி ஐயர் பேர்பெற்றவர். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பாடகரின் சங்கதி எங்கே முடியும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து வாசித்தார். சொற்கட்டுகளுக்கு இடையே அவர் விட்ட இடைவெளிகளும் பாட்டுக்கு அணியாக அமைந்தன.

மூன்றாவது சாரீரம். இதில் பிறவிக்குப் பங்கு அதிகம் என்று தோன்றும். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. செம்மங்குடி சீனிவாச ஐயரின் (1908–2003) குரல் கரகரப்பானது, எளிதில் வசப்படாதது. கடும் சாதகத்தால் அதைப் பணியவைத்து, தலைமுறைகளுக்கு வழிகாட்டியாக அவர் விளங்கினார். எம்.டி. ராமநாதனின் (1923–1984) குரல் மிகத் தாழ்ந்தது. வேகத்தை விட்டுவிட்டு விளம்ப காலத்தையே அவர் தம் பாணியாக்கிக்கொண்டார். இதற்கு மறுமுனையில் ஜி.என். பாலசுப்பிரமணியம் (1910–1965). நாகஸ்வரத்தில் கேட்ட மின்னல்வேகப் பிருகாக்களைக் குரலில் கொண்டுவரும் சாரீரம் அவருக்கு இருந்தது. வாத்தியத்திலும் இதே கதைதான். மேண்டலினில் மீட்டிய ஒலி சட்டென்று தேய்ந்துவிடும். கமகத்துக்கு அது போதாது. யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து தந்திகள் கொண்ட மின் மேண்டலினைக் கையாண்டு அந்தக் குறையைக் கடந்தார்.

நான்காவது பாடாந்தரம். தியாகராஜர், முத்துஸ்வாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரின் கீர்த்தனைகளோடு பதம், ஜாவளி, வர்ணம் எல்லாம் சேர்ந்தால் ஒரு வித்வானின் மனத்தில் நூற்றுக்கணக்கான உருப்படிகள் இருக்க வேண்டும். ராகத்தின் இலக்கணம் இந்த உருப்படிகளுக்குள்தான் பொதிந்திருக்கிறது. வீணை தனம்மாள் (1867–1938) குடும்பம் பதங்களையும் ஜாவளிகளையும் வாய்வழியாகவே காத்தது. அவருடைய பேத்தி டி. பிருந்தாவிடம் அந்தப் பாடங்களைக் கற்கப் புகழ்பெற்ற வித்வான்களே வந்தார்கள்.

ஐந்தாவது மனோதர்மம். ஆலாபனை, தானம், நிரவல், கற்பனாசுரம் ஆகியவை மேடையிலேயே பிறப்பவை. நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் வாசித்ததும், முசிறி சுப்பிரமணிய ஐயர் (1899–1975) நிரவலில் சாகித்தியத்தின் பொருளை உருக்கமாக வெளிப்படுத்தியதும் இந்த ஆற்றலால்தான். அந்த நேரத்தில் மூளையில் நடப்பதற்கு ஒரு தடயம் 2008-ல் கிடைத்தது. ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி, மனப்பாடமான இசையையும் அப்போதே தோன்றும் இசையையும் வாசித்தார்கள். கற்பனையில் வாசித்தபோது, தன்னையே கண்காணித்துத் திருத்தும் முன்மூளைப் பகுதியின் இயக்கம் குறைந்தது. சுய வெளிப்பாட்டோடு தொடர்புள்ள நடுப்பகுதியின் இயக்கம் கூடியது. இலக்கணம் ரத்தத்தில் ஊறிய பிறகே கண்காணிப்பை இப்படித் தளர்த்த முடியும். பாடாந்தரம் இல்லாத மனோதர்மம் வெறும் தாறுமாறாகிவிடுவதும் அதனால்தான்.

இவற்றில் பிறவியின் பங்கு எவ்வளவு? பெர்லினில் வயலின் மாணவர்களிடம் நடந்து 1993-ல் வெளியான ஆய்வு, மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரத்துக்கு மேல் தனியாகச் சாதகம் செய்திருந்ததாகக் கண்டது. பயிற்சியே எல்லாம் என்ற கருத்து இதிலிருந்து பரவியது. ஆனால் 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசைத் திறனில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 21 சதவீதத்தை மட்டுமே பயிற்சி நேரத்தால் விளக்க முடிந்தது. மெட்டில் பிசகிய சுரத்தைக் கண்டுபிடிக்கும் திறனில் மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்து நடந்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆக, சாதகம் இல்லாமல் முடியாது. சாதகம் மட்டுமே போதாது.

வாய்ப்பும் ஒரு காரணம். பரம்பரை இசைக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்குத் தொட்டிலிலேயே கேள்வி ஞானம் தொடங்கிவிடும். மற்றவர்களுக்குக் குருவும் சபா மேடையும் கிடைக்க வேண்டும். பெண்கள் கச்சேரியில் ராகம் தானம் பல்லவி பாடும் வழக்கமில்லாத காலத்தில் அதைத் துணிந்து பாடிக்காட்டியவர் டி.கே. பட்டம்மாள் (1919–2009). அவருக்கு முன்னால் எத்தனை பெண்களின் லய ஞானம் வீட்டுக் கூடத்தோடு நின்றுபோனது என்பதற்குக் கணக்கில்லை.

இத்தனையும் அமைந்த பிறகு தேவைப்படுவது அளவறிதல். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், விரிவான உருப்படி, பல்லவி, துக்கடா என்று கச்சேரிக்கு ஒரு வடிவம் தந்தார். எந்த ராகத்தை எவ்வளவு நேரம் பாடுவது, எங்கே நிறுத்துவது என்ற கணிப்பே அதன் உயிர். சாதாரண ரசிகரும் இதை வைத்து ஒரு கலைஞரை மதிப்பிடலாம். ஒரே கலைஞர் ஒரே ராகத்தைப் பாடிய இரண்டு கச்சேரிப் பதிவுகளைக் கேட்டாலே போதும். பிடிகள் அப்படியே திரும்ப வந்தால் அது நல்ல பயிற்சி. ராகம் மாறாமல் போகும் பாதை மட்டும் மாறி, இரண்டு முறையும் அலுப்பதற்கு முன்பே முடிந்துவிட்டால், அது மேதைமை.