விபத்துக்குப் பின் இருபத்து நான்கு மணி நேரம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

சாலையில் ஒரு கார் ஒருவரை மோதிவிட்டது. உடனே கூட்டம் கூடுகிறது. ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார். மற்றொருவர் ஓட்டுநரின் சட்டையைப் பிடிக்கிறார். பின்னர் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "போலீசு, கோர்ட்டு என்று ஏன் அலைய வேண்டும்? பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். இக்காட்சியைக் காணாதவர் நம்மில் யார்?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். காயமுற்றோர் இதனினும் மிகுதி. இவர்களுக்காகச் சட்டம் ஏற்படுத்தியுள்ள வழி ஒன்று உண்டு. 'பேசி முடிக்கும்' வழக்கத்தால் அவ்வழி எவ்வாறு அடைபட்டுப் போகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் நடந்தது

2018ஆம் ஆண்டு. அப்போது எனக்கு வயது 13. அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை செய்துவந்த என் அப்பா, மாலையில் சைக்கிளில் வீடு திரும்பும்போது பின்னால் வந்த கார் ஒன்று மோதியது. காரின் சொந்தக்காரர் கெட்டவர் அல்லர். தம் காரிலேயே அப்பாவைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்று செலவையும் ஏற்றார். ஆனால் அங்கே பதிவேட்டில், 'சைக்கிளிலிருந்து வழுக்கி விழுந்தார்' என்று எழுதப்பட்டது. அப்பாவும் மறுக்கவில்லை.

சில நாள் கழித்து அவர் ஊர்ப் பெரியவருடன் வந்து ஐயாயிரம் ரூபாயும், எழுதிய தாள் ஒன்றும் கொடுத்தார். வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. 'மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டேன்' என்ற வரியை நான்தான் உரக்கப் படித்தேன். அப்பா கையெழுத்திட்டார். எலும்பு கூடியது; ஆனால் கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. மூட்டை தூக்க இயலாமல் இன்று பாதிச் சம்பளத்தில் இரவுக் காவல் பார்க்கிறார்.

காப்பீடு யாருக்காக?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடலாகாது. வண்டிக்காரர் முதல் நபர். காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் நபர். சாலையில் அடிபடுபவர் மூன்றாம் நபர். அதாவது, வண்டிக்காரர் ஆண்டுதோறும் கட்டும் அந்தத் தொகை, முன்பின் அறியாத நமக்காகக் கட்டப்படுவதே!

மூன்றாம் நபரின் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் நிறுவனம் தரவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு இல்லை. இதனால் வண்டிக்காரருக்குரிய 'நோ கிளெய்ம் போனஸ்' குறைவதும் இல்லை. தம் வண்டியின் சேதத்துக்குப் பணம் கேட்டால்தான் அது குறையும். ஆகவே, முறையான காப்பீடும் உரிமமும் உள்ளவர் தம் சட்டைப் பையிலிருந்து கொடுத்து ஒளிவதற்குக் காரணமே இல்லை. ஓட்டுநர் மீதான காவல்துறை வழக்கு வேறு; இழப்பீடு வேறு. முன்னதற்கு அஞ்சிப் பின்னதையும் புதைத்துவிடுகிறோம்.

ஓட்டுநர் செய்ய வேண்டியவை

சட்டத்தின் 134ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். காவலர் கேட்கும் விவரங்களைத் தர வேண்டும்; அங்கே காவலர் இல்லையேல், கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு பாலிசி எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், காயமுற்றோர் விவரம் ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும்.

காருக்கும் சேதமாகி அதற்கும் பணம் கேட்பதானால், பழுது பார்க்கும் முன்பே நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்க்குமுன் பட்டறையில் பிரித்துவிட்டால் கேட்பது கடினமாகும்.

அடிபட்டவர் செய்ய வேண்டியவை

முதலில் 108. உயிரைவிடப் பெரிது எதுவுமில்லை. அடுத்து, மருத்துவமனையில் உண்மையைச் சொல்வது. அரசு மருத்துவமனையில் முதலில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டை 'ஏ.ஆர்.' என்பர். எப்படி அடிபட்டது என்று அதில் எழுதப்படும் ஒரு வரியைத்தான் பின்னாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் புரட்டிப் பார்ப்பார். 'வழுக்கி விழுந்தார்' என்று இருந்தால் கார் எங்கிருந்து வந்தது?

மூன்றாவது, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குவது. அந்நகல் இலவசம். உதவி செய்வோர் அஞ்ச வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

பின்னர், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து நடந்த ஊரில்தான் என்பதில்லை. நாம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் செய்யலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியற்றோர் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 2022 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது. இவ்வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. எனினும் ஆறு மாதத்தைத் தாண்டாதிருப்பதே அறிவுடைமை.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் வழியுண்டு. அத்தகைய விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றவருக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தின்கீழ் கிடைக்கும்.

ஒரு கணக்கு

இழப்பீடு நீதிபதியின் மனம்போல் தரப்படுவது அன்று. அதற்குக் கணக்கு உண்டு. 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கேற்ற பெருக்கு எண்களை வகுத்தது. 21 முதல் 25 வயது வரை 18. 31 முதல் 35 வரை 16. 41 முதல் 45 வரை 14. இவ்வாறு வயது ஏற ஏற எண் இறங்கும்.

விபத்தின்போது அப்பாவுக்கு வயது 43. மாத வருமானம் ஏறத்தாழ 10,000 ரூபாய். உழைக்கும் திறனில் 20 விழுக்காடு மட்டுமே குறைந்தது என வைத்துக்கொள்வோம்.

ஆண்டு வருமானம்: 10,000 × 12 = 1,20,000
பெருக்கு எண் 14: 1,20,000 × 14 = 16,80,000
அதில் 20 விழுக்காடு: 3,36,000 ரூபாய்

வலிக்கும் வேதனைக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும் உரிய தொகை இதில் சேரவில்லை. நாங்கள் வாங்கியது ஐயாயிரம்.

இதில் வருந்தத்தக்கது இன்னொன்றும் உண்டு. 2018இல் மனுச் செய்யக் கால வரம்பே இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் கையில் ஏ.ஆர். நகல் இல்லை; முதல் தகவல் அறிக்கை இல்லை; இருந்தது நான் படித்துக் காட்டிய அந்தத் தாள் ஒன்றே.

முடிவுரை

நம் கல்லூரியில் என்னைப்போல் வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டப் படிப்புக்கு வந்தவர்கள் பலர். ஊரில் ஒரு தாள் வந்தால் நம்மிடம்தான் நீட்டுவார்கள். எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவது மட்டும் போதாது, நண்பர்களே! அதில் கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "இரண்டு நாள் பொறுங்கள், முதலில் புகாரைப் பதிவு செய்வோம்" என்று பெரியவர்கள் முன்னிலையில் பணிவுடன் சொல்லும் துணிவும் வேண்டும்.

மேலே போட்ட கணக்கை நான் அப்பாவிடம் காட்டவில்லை. உங்களிடம் காட்டுகிறேன்.